அப்பா பாதியில் எழுந்துவிட்டார்: பழைய படத்தைத் தியேட்டரில் பார்க்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

சாத்தூர்க்காரன் கேட்டது:

வணக்கம். சினிமாவின் தொழில் பக்கம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பாவுக்கு 64 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ட்யூட்டி முடிந்து டிப்போவில் கணக்குக் கொடுத்த கையோடு இரண்டாவது ஆட்டத்துக்குப் போய்விடுவாராம். எந்த ஊர்த் தடத்தில் ஓடினாரோ அந்த ஊர்க் கொட்டகையில் படம். பார்த்த படங்களைக் கொட்டகையின் பெயரோடுதான் சொல்வார். கடந்த பதினைந்து வருடமாகத் தியேட்டர் பக்கமே போகவில்லை.

போன மாதம் 1960களில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை மறுபடி வெளியிட்டார்கள். படத்தின் பெயரையும் தியேட்டரின் பெயரையும் சொல்லவில்லை. கொண்டுவந்தவர்களும் பாடுபட்டுத்தான் கொண்டுவந்திருப்பார்கள். அப்பாவுக்கு அந்தப் படத்தின் வசனம் முழுக்க மனப்பாடம். ஆசையாகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் இருக்கையில் நெளிய ஆரம்பித்துவிட்டார். "தலை எங்கடா போச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஒரு நடனக் காட்சி வந்தது. "காலைக் காட்ட மாட்டேங்கிறானே" என்றார். இடைவேளையில் எழுந்து, "இது நான் பார்த்த படம் இல்லை, வா போவோம்" என்று வெளியே வந்துவிட்டார். வீடு வரும் வரை ஒன்றும் பேசவில்லை.

அவருக்கு ஞாபகம் பிசகுகிறதா, திரையில்தான் ஏதாவது தப்பா? அன்றிலிருந்து இதே யோசனை. வயதானவரிடம் "உங்களுக்கு மறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அது இப்போது உறுத்துகிறது.

இந்த 2024 டிசம்பர் 12ஆம் தேதி தளபதி மறுபடி வருகிறது. அப்பா அதை எங்கள் பக்கத்து ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் பார்த்தவர். கொட்டகைக்குப் பின்னால் ரயில் பாதை. படத்தில் ரயில் ஊதும்போது வெளியேயும் நிஜ ரயில் ஊதியது என்று நூறு முறை சொல்லியிருக்கிறார். அவரை அழைத்துப் போக ஆசை. இன்னொரு முறை அவர் பாதியில் எழுந்து வரக் கூடாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

---

புரொஜெக்டர் ரூம் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொன்னதுதான் சரி. முதலில் அவரிடம் போய் இதைச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் 1972இல் கொட்டகையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். அப்புறம் லைசென்ஸ் வாங்கி, 2011 வரை ஆபரேட்டர். கை வைத்த மெஷினைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அந்தக் காலப் படங்கள் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். நாலு பங்கு அகலம் என்றால் மூன்று பங்கு உயரம். பழைய டிவி பெட்டி மாதிரி. படம் பிடித்தவர்கள் அந்தச் சட்டத்துக்குள்தான் எல்லாவற்றையும் வைத்தார்கள். ஆடுகிறவரின் கால் சலங்கை கீழ் விளிம்பில் இருக்கும், தலைக்கு மேலே தொங்கும் விளக்கு மேல் விளிம்பில் இருக்கும். இன்றைக்கு இருக்கிற திரை அகலமானது. சதுரப் படத்தை அதில் ஒழுங்காகக் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்பாக இடம் விட வேண்டும். சிலருக்கு அது பிடிப்பதில்லை. காசு கொடுத்து வந்தவன் "திரை முழுக்க வரவில்லை" என்பானோ என்று பயந்து, படத்தை அகலத்துக்கு இழுத்துப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டிவிடுகிறார்கள். சினிமாஸ்கோப் என்கிற அகலத் திரை அளவுக்கு வெட்டினால் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். நூறு அடிக் கோபுரத்தில் நாற்பது அடியைக் காணோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையும் போகும், காலும் போகும். உங்கள் அப்பா தேடியது அதைத்தான். அவர் கண் பழகிய கண்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் ராஜ ராஜ சோழன், 1973. நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம். அதற்காக எங்கள் முதலாளி திரைக்கு இரண்டு பக்கமும் இருந்த சுவரை இடித்துத் திரையை அகலமாக்கினார். லென்ஸ் தனியாக வந்தது. மெஷினில் பிலிம் ஓடுகிற கேட்டில், படத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டிய ஒரு தகடு போடுவோம், சதுரப் படத்துக்கு ஒன்று, ஸ்கோப்புக்கு ஒன்று. மாற்றிப் போட்டால் ஜனம் விசில் அடித்தே சொல்லிவிடும். தகடு தப்பு என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் படம் தப்பு என்று தெரியும். எனக்குப் பாடம் சொன்ன ஆபரேட்டர், "படத்தைக் குறைக்கிற அதிகாரம் நமக்குக் கிடையாது" என்பார். ஒருமுறை நான் தகடு மாற்ற மறந்து அரை நிமிடம் ஓடிவிட்டது. அன்று அவர் என்னை மெஷினைத் தொடவே விடவில்லை.

அதற்காகப் பழைய காலமே சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் அப்பா பார்த்த தளபதி நல்ல பிரிண்டாக இருந்திருக்காது. முதலில் பெரிய ஊர்கள், அங்கே ஓடித் தேய்ந்த பிலிம் பெட்டி அடுத்த ஊர்கள், கடைசியாகத் தகரக் கொட்டகை. அதற்குள் பிலிமில் கீறல் விழுந்து, திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஓடும். அதை நாங்கள் 'மழை' என்போம். "பெட்டி எப்படி?" என்று கேட்டால், "லேசான தூறல்", "நல்ல மழை" என்று பதில் வரும். அறுந்த இடத்தை வெட்டி ஒட்டுவோம், ஒவ்வொரு ஒட்டுக்கும் கொஞ்சம் படம் குறையும். கடைசி ஊருக்குப் போகிறபோது பாட்டில் ஒரு வரியே காணாமல் போயிருக்கும்.

வெளிச்சமும் அப்படித்தான். அப்போது கார்பன் குச்சி. இரண்டு குச்சிக்கு நடுவே நெருப்பு எரியும், அந்த வெளிச்சம்தான் படம். குச்சி எரிய எரிய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளாகும். குச்சி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று மின்சாரத்தைக் குறைத்து வைக்கச் சொல்லும் முதலாளிகள் உண்டு. பாவம், வெளிச்சம் பார்த்துப் படம் பிடித்தவர்களின் உழைப்பு முழுக்க அங்கே இருட்டில் போய்விடும்.

1991 தீபாவளி எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. தளபதியும் குணாவும் ஒரே நாள், நவம்பர் 5. எங்கள் கொட்டகைக்குத் தளபதி, எதிர்க் கொட்டகைக்குக் குணா. எங்கள் வாசலில் கூட்டம் தெருவை அடைத்தது. எதிரே நாளுக்கு நாள் குறைந்து, இரண்டாவது வாரம் பெட்டி திரும்பிப் போய்விட்டது. இரண்டு ஆபரேட்டர்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை என்பதால் என்னால் குணாவைப் பார்க்க முடியவில்லை. பெட்டி கிளம்புகிற அன்று இரவு, ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்த ஆபரேட்டர் எனக்காக மட்டும் ஒரு ரீல் ஓட்டினார். காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து பதினோரு நிமிடம் பார்த்தேன். ஆயிரம் அடி ரீல் ஒன்றுக்கு அவ்வளவுதான் நேரம். முழுப் படத்தைப் பெரிய திரையில் போன வாரம்தான் பார்த்தேன், 33 வருடம் கழித்து. மலையாளத்தில் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்து குணாவின் 'கண்மணி அன்போடு' பாட்டை இன்றைய பிள்ளைகள் காதில் போட்டதால் குணாவுக்கு மறுபடி ஒரு வாசல் திறந்தது. என் பக்கத்தில் கல்லூரிப் பையன்கள். அந்த ஆபரேட்டர் இப்போது இல்லை. அவரை நினைத்துக்கொண்டேன்.

சரி, உங்களுக்கு வேண்டியது. ட்ரெய்லரைப் பாருங்கள், முக்கியமாக எழுத்துப் போடுகிற இடத்தை. படம் எடுத்த காலத்துப் பெயர்கள் மேலேயோ கீழேயோ விளிம்பை முட்டிக்கொண்டு நின்றால் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முகம் பெரிதாக வரும் காட்சியில் நெற்றி பாதியில் நின்றாலும் சந்தேகப்படுங்கள். தியேட்டருக்குப் போன் செய்தால் டிக்கெட் கவுண்டரில் கேட்காமல், ஆபரேட்டரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். நம்மிடம் யாரும் கேட்பதில்லை என்ற குறை ஆபரேட்டர்களுக்கு எப்போதும் உண்டு. கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

---

சேலம் வசந்தி எழுதியது:

புரொஜெக்டர் ரூம் ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. பெரியவர்களை அழைத்துப் போவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் தம்பி.

2012 மார்ச்சில் கர்ணன் மறுபடி வந்தபோது அம்மாவை அழைத்துப் போனேன். படம் முதலில் வந்தது 1964 பொங்கலுக்கு. அம்மாவுக்கு அப்போது 11 வயது. அதே பொங்கலுக்கு வேட்டைக்காரனும் வந்ததால் வீட்டில் சண்டை. அண்ணன்கள் எல்லாம் எம்.ஜி.ஆர். பக்கம், தாத்தா சிவாஜி பக்கம். தாத்தா அம்மாவை மட்டும் தோளில் துண்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாராம். பதினோரு வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கியிருப்பாரா என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும்.

சென்னையில் சத்யம் வளாகத்தில் பார்த்தோம். படம் அங்கே நூறு நாளைத் தாண்டி ஓடியது, கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் போன அன்று கைத்தடியோடு வந்தவர்களே முப்பது பேர் இருப்பார்கள். கர்ணன் அம்பு பட்டுக் கிடக்கையில் என்.டி.ராமராவ் கிருஷ்ணனாக வந்து தானம் கேட்கிற இடத்தில் அரங்கம் அப்படியே அமைதியானது. பக்கத்தில் ஒரு பெரியவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார். அம்மா அழுதது அங்கே இல்லை. குந்தியாக எம்.வி.ராஜம்மா வந்த முதல் காட்சியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். பிறகு கேட்டதற்கு, "சின்ன வயசுல பார்த்தப்ப எனக்கு அவ மேல கோபம் மட்டும்தான் இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். தளபதியும் கர்ணன் கதைதான். உங்கள் அப்பா கர்ணனையும் பார்த்திருப்பார். இரண்டையும் பற்றி அவரைப் பேசவிட்டுப் பாருங்கள். படத்துக்குப் போகும் முன்பே பாதிப் படம் கிடைத்துவிடும்.

நடைமுறை விஷயங்கள். கடைசி வரிசை வேண்டாம், இருட்டில் படி ஏறுவது கஷ்டம். நடைபாதை ஓரத்தில், திரைக்கு நேராக நடு வரிசை எடுங்கள். பத்து நிமிடம் முன்பே உட்கார வைத்துவிடுங்கள். ஏசி குளிருக்கு ஒரு துண்டு. தளபதி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், இடைவேளையில் வரிசை நீளமாக இருக்கும் என்பதால் அவரை முன்கூட்டியே எழுந்துகொள்ளச் சொல்லுங்கள். எங்கள் அம்மா இதில் சிரமப்பட்டார், அதனால்தான் சொல்கிறேன்.

---

கில்லி வருஷம் எழுதியது:

நான் 2004இல் பிறந்தவன். கில்லியை முதலில் பார்த்தது டிவியில், பிறகு போனில், இந்த ஏப்ரலில்தான் தியேட்டரில். ஒவ்வொரு வசனத்தையும் அரங்கமே முன்கூட்டிச் சொல்கிறது. யாரென்றே தெரியாதவர் என் தோளில் கை போட்டு ஆடினார். அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தை நான் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். நாங்கள் அந்தப் படம் வந்தபோது குழந்தைகள். எங்களுக்கு முதல் நாள் முதல் காட்சி என்றால் இதுதான்.

ஆனால் அண்ணா, அப்பாவை முதல் நாள் அழைத்துப் போகாதீர்கள். ரஜினி பிறந்தநாள் வேறு. காகிதம் பறக்கும், டார்ச் அடிப்பார்கள், வசனம் ஒன்றும் காதில் விழாது. எங்களுக்கு அதுதான் வேண்டும், அவருக்கு அது வேண்டாம். நாலு நாள் கழித்து, வேலை நாளில் காலைக் காட்சி பாருங்கள்.

---

ஃபிரேம் 24 எழுதியது:

சென்னையில் பழைய படங்களைச் சீரமைக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். எங்கே என்று சொல்லவில்லை. ஐயா எழுதியது அத்தனையும் உண்மை. நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன்.

போஸ்டரில் '4கே' (குறுக்கே சுமார் நாலாயிரம் புள்ளி கொண்ட துல்லியம்) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எதிலிருந்து 4கே என்பதுதான் கேள்வி. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ் கிடைத்து, அதை ஸ்கேன் செய்திருந்தால் 1991இல் யாருமே பார்க்காத துல்லியம் கிடைக்கும். நெகட்டிவிலிருந்து தியேட்டர் பிரிண்ட், சில சமயம் நடுவில் ஒரு பாசிட்டிவும் இன்னொரு நெகட்டிவும் என்று கைமாறித்தான் படம் ஊருக்கு வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் நுணுக்கம் குறையும். தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டைத்தான் ஸ்கேன் செய்தார்கள் என்றால், 4கே என்பது அந்தக் கீறல்களைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான்.

நெகட்டிவ் கிடைப்பதே பெரும்பாடு. பெட்டியைத் திறந்ததும் சில சமயம் புளிக்காடி நெடி மூக்கில் அடிக்கும். பிலிமின் அடித்தளமே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சுருங்கி, வளைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சாதாரண அறையில் வைத்தால் தாங்காது. குளிரும் வறட்சியும் சீராக இருக்கிற அறை வேண்டும். கலர்ப் படங்களில் இன்னொரு துயரம், நீலமும் பச்சையும் வெளிறி முழுப் படமும் இளஞ்சிவப்பாக நிற்கும். வயல்வெளிகூடச் சிவப்பாக இருக்கும். கர்ணன் விஷயத்தில் ஒலியின் நிலை மிக மோசமாக இருந்தது, அதை மீட்கவே பெரிய உழைப்பு வேண்டியிருந்தது என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது.

மீட்டெடுப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த வருடமே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஷ்யாம் பெனகலின் மந்தன், 1976. குஜராத்தில் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். மூல நெகட்டிவ் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்தது. ஒலி நெகட்டிவ் கெட்டுப்போனதால், பழைய படங்களைக் காக்கும் அமைப்பான ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் பாதுகாத்து வைத்திருந்த பிரிண்டிலிருந்து ஒலியை எடுத்தார்கள். வேலையில் ஒரு பங்கு நம் சென்னையில் பிரசாத் நிறுவனத்தில் நடந்தது. மே மாதம் கான் விழாவில் காட்டி, ஜூன் தொடக்கத்தில் இங்கே தியேட்டர்களில் போட்டார்கள். ஒரு படத்தின் படமும் ஒலியும் இரண்டு வேறு இடங்களில் உயிரோடு இருந்து, ஒன்றுசேர்ந்து வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. ஒன்றை யாராவது பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் முடிந்தது கதை. தமிழில் அப்படி முடிந்துபோனவை ஏராளம். 1931இல் வந்த நம் முதல் பேசும் படமான காளிதாஸே இன்று இல்லை. வெள்ளிக்காக உருக்கியதும், துண்டு துண்டாக்கிக் குழந்தைகளுக்கு விற்றதும் நம் கண் முன்னால் நடந்ததுதானே. நானே சின்ன வயதில் பிலிம் துண்டை வெயிலில் பிடித்து, லென்ஸ் வைத்துச் சுவரில் படம் பார்த்தவள். அது எந்தப் படத்தின் கடைசிப் பிரிண்டோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதிகமாகச் சுத்தம் செய்வதும் ஒரு தவறுதான். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம் இருக்கிறது. மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்தால் மாதக் கணக்கில் ஆகும் என்று, சிலர் மென்பொருளிடமே விட்டுவிடுகிறார்கள். அது கீறலோடு சேர்த்து பிலிமின் இயல்பான மணல் போன்ற பொடிப் புள்ளிகளையும் துடைத்துவிடும். முகம் மெழுகுப் பொம்மை போல் ஆகிவிடும். மழைத் துளியைக் கீறல் என்று நினைத்து அழித்துவிடுவதும் உண்டு. மழைக் காட்சி வந்தாலே நாங்கள் மென்பொருளை நிறுத்திவிட்டுக் கையால்தான் செய்வோம். நீங்கள் போகும் படத்திலும் மழையில் ஒரு சண்டை இருக்கிறது. அதைப் பாருங்கள். தூறல் தனித்தனியாகத் தெரிந்தால் யாரோ பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

---

சாத்தூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஐயாவின் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தகடு மாற்ற மறந்த இடம் வந்ததும் சிரித்தார். "நீ மறந்துபோச்சுன்னு சொன்னேல்ல" என்று மட்டும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு தியேட்டருக்குப் போன் செய்து ஆபரேட்டரைக் கேட்டேன். முதலில் "எதுக்கு சார்?" என்றார். விவரம் சொன்னதும் பதினைந்து நிமிடம் பேசினார். பல்ப் போன மாதம்தான் மாற்றியதாகவும், படம் வந்ததும் முதல் நாள் காலையில் தானே உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகவும் சொன்னார்.

---

புரொஜெக்டர் ரூம் எழுதியது:

அவரே கூப்பிடுகிறேன் என்றாரா? அப்படியானால் அந்தத் தியேட்டருக்கே போங்கள். வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

---

சாத்தூர்க்காரன் எழுதியது:

போய் வந்துவிட்டோம். திங்கட்கிழமை காலைக் காட்சி. ஆபரேட்டர் சொன்னபடி வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, "தாராளமா கூட்டிட்டு வாங்க" என்றார்.

அரங்கில் நாற்பது பேர் இருந்திருப்போம். வசந்தி அக்கா சொன்னபடி நடைபாதை ஓரம், நடு வரிசை. படம் கறுப்பு வெள்ளையில், பிள்ளையை கூட்ஸ் வண்டியில் விட்டுவிடும் காட்சியோடு ஆரம்பித்ததும் அப்பா என் கையைத் தட்டி, "இது வந்தப்ப படம் கலர் இல்லைன்னு கொட்டகையில சத்தம் போட்டாங்க" என்றார். இதை என்னிடம் அவர் முன்பு சொன்னதே இல்லை.

ரயில் ஊதும் இடத்தில் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கோயிலில் அந்த அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் தெரியாமல் நிற்கிற காட்சி அது. அப்பா திரும்பிப் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கொட்டகை இடிந்து இப்போது அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. ரயில் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது.

இடைவேளையில் எழுந்திருக்கவில்லை. ஒரு காபி மட்டும் வாங்கிக் கொடுத்தேன். படம் முடிந்ததும் ஆபரேட்டரைப் பார்க்க வேண்டும் என்றார். மாடிக்குப் போனோம். அப்பா அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நெருப்பு எங்கே?" என்று கேட்டார். ஆபரேட்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மெஷினின் பக்கக் கதவு வழியாகப் பல்பைக் காட்டி, கார்பன் குச்சியைத் தான் பார்த்ததே இல்லை, தன் மாமா சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

ஃபிரேம் 24, உங்களுக்காக அந்த மழைச் சண்டையைக் கவனித்தேன். தூறல் தனித்தனியாகத் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அப்பாவும் அதைத்தான் பேசினார்.

"அன்னைக்கு அந்தச் சண்டையில மழை பெய்யுதுன்னே எனக்குத் தெரியாதுடா. முதல் ரீல்ல இருந்தே படம் முழுக்கத்தான் மழை பெய்ஞ்சுது."